வெட்டியவனிடம் கேட்ட யோசனை

திருப்பூர்
12.6.2005

முனீசுக்கு,

நலமா என்று கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. உனக்கும் எனக்கும் இனிப் பேச்சே வேண்டாம் என்றுதான் இருந்தேன். கோர்ட்டில் கூண்டில் ஏறி, "நான் அடுப்படியில் இருந்தேன், வெட்டியது யாரென்று பார்க்கவில்லை" என்று சொன்னதோடு, அக்காவாக நான் செய்ய வேண்டியது முடிந்துவிட்டது. பார்த்தவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள். நீ உள்ளே போனாய்.

இப்போது ஒரு யோசனை வேண்டும். உன்னைத் தவிர வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

உன் மச்சானின் வலது கை இனித் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்கவே இல்லை. பனியனில் அச்சடிக்கும் படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, ஃபிலிமில் முடி கனத்துக்குக் கோடு போட்ட கை அது. இப்போது சோற்றை இடது கையால் அள்ளும்போது பாதி மடியில் கொட்டுகிறது. கொட்டினால் தட்டு என் மேல் பறக்கிறது. "ஒந்தம்பி வெட்டுன கைக்கு நீதான்டி கஞ்சி ஊத்தணும்" என்று ஒச்சாயி அத்தை தினமும் ஒருமுறையாவது சொல்கிறார். பெற்றவர், சொல்லத்தான் செய்வார்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நிற்கிறேன். அந்த வருமானம் மூன்று பேருக்குப் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய், கம்ப்யூட்டரில் படம் வரைகிற கோரல் டிரா கற்றுக்கொண்டேன். இப்போது பிரிண்டிங் பட்டறைகள் எல்லாமே கம்ப்யூட்டரில் வரைந்த படத்தைத்தான் கேட்கின்றன. வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் நான் பிழைத்துக்கொள்வேன். தாலிக்கொடியை விற்றுவிட்டேன். கழுத்தில் மஞ்சள் கயிறுதான்.

கடைக்குப் போனால் "மேடம், இதுவே போதும் மேடம்" என்கிறார்கள். அடுத்த கடையில், அது குப்பை என்கிறார்கள். நீ ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்தவன். எதை வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது, அதை மட்டும் எழுது. வேறு ஒரு வரி எழுதாதே.

வேல்விழி


மத்திய சிறை, கோயமுத்தூர்
23.6.2005

அக்கா,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வார்டர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். அதற்குக் கன்னத்தில் ஓர் அறை கிடைத்தது. காது இன்னும் ரீங்கரிக்கிறது. போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

கம்பெனிப் பெயர் போட்டு சீல் வைத்து வருவதை வாங்காதே. கெட்டால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். பாகம் பாகமாக வாங்கிப் பூட்டச் சொல். நான் உள்ளே வந்த பிறகு மாடல் எல்லாம் மாறியிருக்கும். ஆனால் சூத்திரம் மாறாது.

பிராசசரைப் பற்றித்தான் கடைக்காரன் அதிகம் பேசுவான். அதற்கு மயங்காதே. பென்டியம் 4-இல் ஒரு படி கீழே இருப்பதே போதும். அதில் மிச்சம் பிடிப்பதை ராமில் போடு. 256 வைத்துத் தருகிறேன் என்பான். 512 கேள். பெரிய படத்தைத் திறக்கும்போது திரையில் மணல் கடிகாரம் சுற்றிக்கொண்டே நின்றால் உனக்கு அழுகை வரும்.

மானிட்டர் பதினேழு இஞ்சு, பின்னால் பெருத்திருக்குமே அந்தக் கண்ணாடி டியூப்தான் வேண்டும். ஒல்லி மானிட்டரில் தலையைச் சாய்த்தால் சிவப்பு வேறு சிவப்பாகிவிடும். நிறம் உன் பிழைப்பு.

எல்லோரும் ஏமாறுவது உள்ளே கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டியில், அதாவது எஸ்.எம்.பி.எஸ்.ஸில். கேபினெட்டோடு ஓசியில் வருவதைத் தலையில் கட்டுவார்கள். பக்கத்து நிட்டிங் மெஷின் ஓடி நிற்கும்போது நம் லைனில் கரண்டு துள்ளும், உனக்கே தெரியும். மட்டமான பெட்டி வெடித்தால் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு சாகும். கனமாக இருப்பதைத் தனியாகக் கேட்டு வாங்கு. யு.பி.எஸ். கட்டாயம். வீட்டில் எர்த் இருக்கிறதா என்று பார், லைன் வீடுகளில் இருக்காது.

பில்லில் "கம்ப்யூட்டர் ஒன்று" என்று எழுத விடாதே. ஒவ்வொரு பாகத்தின் பெயரும் நம்பரும் எழுதச் சொல். உன் கண்ணுக்கு முன்னால் பூட்டச் சொல். சாஃப்ட்வேர் எப்படிப் போடுவார்கள் என்பது பற்றி நான் எதுவும் எழுதவில்லை, ஏனென்றால் இதை வார்டர் ஐயா படிக்கிறார்.

வேறு ஒரு வரி எழுதாதே என்றாய். ஒன்றே ஒன்று எழுதுகிறேன். அன்றைக்கு நான் வந்தபோது நீ உன் பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாய். அதற்குப் பிறகு என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. உனக்காகத்தான் செய்தேன் அக்கா.

முனீஸ்


திருப்பூர்
17.7.2005

முனீசுக்கு,

வாங்கிவிட்டேன். நீ எழுதிய தாளை மடியில் வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தேன். பூட்டியவர் பழைய ராம் ஒன்றைச் சொருகப் பார்த்தார், ஸ்டிக்கர் கிழிந்திருந்தது. "அண்ணே, அதை எடுங்க" என்றேன். அதற்குப் பிறகு மேடம் என்று கூப்பிடவில்லை, "அக்கா" என்றார்.

"உனக்காக" என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லாமல் விட முடியவில்லை.

நீ வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் எதற்கு நின்றேன் என்று ஒருநாளாவது யோசித்தாயா? முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் வேலை சொல்லியிருந்தேன். அங்கேயே பெண்கள் விடுதியில் இடமும் கேட்டு வைத்திருந்தேன். கதவுக்குப் பின்னால் பை கட்டி இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் அடித்தார். பல் போனது. போனால் போகட்டும் என்று வாயைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ் ஏறியிருப்பேன்.

நீ வந்தபோதே கையில் அரிவாள் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? என்னைத் தாண்டி உள்ளே போனாய். அவர் கையைக் குறுக்கே வைத்தார். சுவரெல்லாம் தெறித்தது. என் பையின் மேலும்தான்.

அதற்குப் பிறகு நான் எங்கே போவது? கைபோன மனிதனை விட்டு ஓடினாள் என்று நம் ஊரில் ஒரு வாயா பேசும்? ஆஸ்பத்திரியில் பக்கத்தில் படுத்தேன். மூத்திரப் பாத்திரம் எடுத்தேன். நீ அவர் கையை வெட்டவில்லை முனீசு. என் காலை வெட்டினாய்.

இனி உனக்காக என்று எழுதாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பொய்யாகிவிடும். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அவர் அடிக்கவில்லை. என் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். "மஞ்சளுக்கு அடியில வெள்ளை கொடு, இல்லாட்டி கறுப்புத் துணியில செத்துப் போகும்" என்கிறார். "ஓரத்த ஒரு நூல் உள்ள தள்ளு" என்கிறார். சொன்னபடி செய்தால் படம் உயிரோடு எழுந்து நிற்கிறது. அந்த மனிதருக்குக் கண் இருக்கிறது. அதை யாராலும் வெட்ட முடியாது.

வேல்விழி


மத்திய சிறை, கோயமுத்தூர்
4.9.2005

அக்கா,

பதில் தாமதமானதற்குக் காரணம், தனிக் கொட்டடியில் போட்டிருந்தார்கள். எங்கள் பிளாக்கில் ஒருவன், "பொம்பளைக்காக உள்ள வந்தவன்டா இவன்" என்று சிரித்தான். அவன் காதைக் கடித்துவிட்டேன். கொஞ்சம் வாயிலேயே வந்துவிட்டது. நான்கு பேர் லத்தியால் அடித்துத்தான் என் வாயைத் திறந்தார்கள். எழுதுகிற கை நன்றாக இருக்கிறது, இன்னொன்றில்தான் கட்டு.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எனக்குக் கோபம் வந்தது. நீ பஸ் ஏறியிருந்தால் அவன் உன்னைத் தேடி விடுதி வாசலுக்கு வந்து வெட்டியிருக்க மாட்டானா? பையைப் பார்த்ததற்கே பல்லை உடைத்தவன்தானே! இப்படி எழுதி, கிழித்து, மறுபடி எழுதினேன். பிறகு தோன்றியது, பை கட்டி வைத்திருந்ததை நீ என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அப்போதே அரிவாளைத் தூக்கியிருப்பேன், அதனால்தான் சொல்லவில்லை. என்னையும் அவனையும் நீ ஒரே தட்டில் வைத்திருந்திருக்கிறாய். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்றாய். நல்லது. ஆனால் செய்த வேலையை அவ்வப்போது சி.டி.யில் எழுதி வேறு இடத்தில் வை. மற்ற பாகம் எல்லாம் கடையில் கிடைக்கும். நீ வரைந்தது உள்ளே ஹார்டு டிஸ்கில் மட்டும்தான் இருக்கும். பெட்டியைப் பின்பக்கம் நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவரால் திறந்து, மாதம் ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் பஞ்சைத் தட்டிவிடு. நம் ஊர்க் காற்றில் பஞ்சு அதிகம். விசிறியில் அடைத்தால் சூடாகி நின்றுவிடும். ஹார்டு டிஸ்க் எங்கே இருக்கிறது, எந்த நான்கு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும் என்று கீழே படம் போட்டிருக்கிறேன். சிரிக்காதே, எனக்கு அவன் மாதிரி வரைய வராது.

முனீஸ்


திருப்பூர்
27.11.2005

முனீசுக்கு,

படபடப்பு அடங்கிய பிறகு எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யார் காதையும் கடிக்காதே.

காதர்பேட்டையில் பனியன் மொத்தக் கடை வைத்திருக்கும் குழந்தையம்மாள் என்ற அம்மா எனக்கு வேலை தருகிறார். போன ஞாயிறு மதியம் அவரே வீட்டுக்கு வந்தார். குழந்தைகள் பனியனுக்கு நான் போட்ட மயில் படம், ஐந்து நிறம், மாதிரி அடித்துக் கொண்டுவந்து காட்டினார். கழுத்து நீலம் ஒரு நூல்கூட விலகவில்லை. அவர் நல்ல மனசோடுதான் சொன்னார்: "ஏனுங்க தம்பி, நீங்க முன்ன போட்டுக் குடுத்ததெல்லாம் எங்கிட்ட இருக்குதுங்க. அதைக் காட்டியும் இது சுத்தமா இருக்குது. கண்ணு, உன்ற கை நல்ல கை."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். உன் மச்சானும் சிரித்தார்.

அந்த அம்மாவின் கார் தெருமுனை திரும்பியதும் அவர் ஸ்டூலைத் தூக்கி மானிட்டரில் போட்டார். டியூப் வெடித்த சத்தத்தில் அடுத்த வீட்டுக் குழந்தை வீறிட்டது. பிறகு பெட்டியை உதைத்தார். நான் குறுக்கே விழுந்தேன். முடியைப் பிடித்து நெற்றியை மேசை விளிம்பில் இடித்தார், திரும்பத் திரும்ப. "நல்ல கையாம்ல, நல்ல கை" என்று ஒவ்வொரு இடிக்கும் சொன்னார். என் வலது கையை மேசையில் வைத்து, மணிக்கட்டின் மேல் முழங்காலை ஊன்றினார். இடது கையில் யு.பி.எஸ். இருந்தது. விரல்களை நசுக்கப் போகிறார் என்று புரிந்தது. அத்தை வாசலில் நின்று "டேய் ராக்கையா, வேண்டாம்டா" என்று கத்தினார், உள்ளே வரவில்லை.

மேசையில் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே, பஞ்சு தட்ட எடுத்த ஸ்க்ரூ டிரைவர் கிடந்தது. இடது கையால் எடுத்துக் குத்தினேன். எங்கே என்று பார்க்கவில்லை. கண்ணுக்கு ஓர் இஞ்சு கீழே இறங்கியது. அவர் யு.பி.எஸ்.ஸை விட்டுவிட்டார். அவரைச் சுவரோடு சாய்த்து முனையை இமையில் வைத்தேன். அவர் மூச்சுக்கூட விடவில்லை. அழுத்த வேண்டும் என்று இருந்தது முனீசு. அந்தக் கண்ணை எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. பசி மாதிரி இருந்தது.

அவர் சொன்னார்: "குத்துடி. ஒங்க குடும்பத்துக்கே இதான வேல."

கையை எடுத்துவிட்டேன்.

நெற்றி ரத்தம் கண்ணில் வழிய, உதைபட்டுக் கிடந்த பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினேன். அவர் கன்னத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை. ஹார்டு டிஸ்கை முந்தானையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அத்தை வழிவிட்டார்.

நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. இருக்கும் இடம் பாதுகாப்பானது. இனி எனக்கு எழுதுவதாக இருந்தால் காதர்பேட்டை குழந்தையம்மாள் கடைக்கு எழுது. அவர் என்னிடம் சேர்ப்பார்.

வேல்விழி


மத்திய சிறை, கோயமுத்தூர்
9.12.2005

அக்கா,

வைகாசியில் எனக்கு விடுதலை. இதை வார்டர் ஐயா படிப்பதால் மரியாதையாகவே எழுதுகிறேன். வெளியே வந்ததும் முதல் வேலையாக மச்சானைப் போய்ப் பார்ப்பேன். நலம் விசாரிப்பேன். அவருக்கு இன்னும் ஒரு கை மிச்சம் இருப்பதாக எழுதியிருக்கிறாய். அதையும் விசாரித்துவிட்டு வருவேன்.

நீ எங்கே இருக்கிறாய்? விலாசம் எழுது.

முனீஸ்


திருப்பூர்
2.1.2006

முனீசுக்கு,

உன் மரியாதை புரிந்தது. வார்டருக்கும் புரிந்திருக்கும்.

விலாசம் தர மாட்டேன். கடைக்குப் போய்க் கேட்காதே. குழந்தையம்மாள் சொல்ல மாட்டார். "அண்ணன் தம்பின்னு யாராச்சும் வந்தா என்னன்னு சொல்லட்டுங் கண்ணு?" என்று கேட்டார். "எனக்கு யாரும் இல்லீங்கம்மா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ அவரைத் தொட்டால், போலீசுக்கு முதலில் போகிற ஆள் நான். போன தடவை கூண்டில் நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை அடுப்படியில் இருக்க மாட்டேன். கண்ணால் பார்க்காவிட்டாலும் நீதான் என்று சொல்வேன். உனக்கு எதிராகக் கடைசி வரை நிற்பேன். அவர் மேல் இரக்கப்பட்டு இல்லை. அவருடைய இன்னொரு கையும் போனால் அந்த வீட்டுக்கு என்னை மறுபடி இழுப்பார்கள். இந்தத் தடவை நானாக வெளியே வந்தேன். அதில் நீ கை வைக்காதே.

அவர் முகத்தில் முனையை வைத்து நின்றபோது, உன் கைக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரிந்தது. அது எனக்காக ஓடியது இல்லை முனீசு. அதற்கு ஆள் வேண்டியதில்லை. அதுவே தனக்காக ஓடுகிறது.

இங்கே வேறு கம்ப்யூட்டர் பூட்டியிருக்கிறோம். பழைய ஹார்டு டிஸ்க் வேலை செய்கிறது, படம் எல்லாம் இருக்கிறது. ஆனால் சில நாள் காலையில் போட்டால் திரை வருவதில்லை, பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. அது என்னவென்று தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் விடு.

வேல்விழி


உசிலம்பட்டி
8.6.2006

அக்கா,

ஜனவரியில் வந்த உன் கடிதத்துக்கு உள்ளே இருந்து பதில் எழுதவில்லை. வெளியே வந்து, நடந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். விடுதலையானதும் நேராகத் திருப்பூர் வந்தேன். பஸ் ஸ்டாண்டில் இளநீர் குடித்தேன். வெட்டிக் கொடுத்தவர் அரிவாளை மட்டையில் கொத்தி வைத்துவிட்டுச் சில்லறை மாற்றப் போனார். அது என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் திரும்பி வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இளநீர் என்ன ருசி என்று தெரியவில்லை. சில்லறையை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

எதற்குப் போனேன் என்று கேட்காதே. போகாமல் இருக்க முடியவில்லை.

அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான். கண்ணுக்குக் கீழே நீ போட்ட தழும்பு இருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்தான், ஓடவில்லை. ஓரத்தில் கிடந்த ரீப்பர் கட்டையை இடது கையில் எடுத்தான். "வாடா, இதையும் வெட்டிட்டுப் போடா" என்றான். நான் என் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். பெரிய மனசு என்று நினைத்துவிடாதே. கையை முன்னால் விட்டால் அது என்ன செய்யும் என்று பயம்.

அடித்தான். முதல் அடி தோளில். தோள்பட்டை எலும்பு ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. பிறகு முதுகு, காது, விலா. ஒச்சாயி அத்தை அழுதார், தெருவே பார்த்தது. கீழே விழுந்த பிறகும் அடித்தான். இடது கை இன்னும் பழகவில்லை, பாதி அடி தரையில்தான் விழுந்தது. கடைசியில் கட்டை நழுவிவிட்டது. குனிந்து எடுக்கப் பார்த்து, முடியாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"அவ எங்கிட்டு இருக்கா?" என்றான்.

"தெரியாது மச்சான்."

"பொய் சொல்லாத."

"சத்தியமாத் தெரியாது. எனக்கும் சொல்லல."

தழும்பைப் புறங்கையால் தேய்த்தான். பிறகு, "தோகையில பச்சையும் நீலமும் சேருற எடம்... இப்பவும் விலகாம போடுறாளா?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். நான் எழுந்து, கையைத் தூக்க முடியாமல் தாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதோடு என் கோபம் இறங்கிவிட்டது என்று நீ நினைக்கலாம். இல்லை அக்கா. பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் அவனை மூன்று விதமாகக் கொன்றுவிட்டேன். இறங்கித் திரும்பிப் போகாததற்குக் காரணம் நல்ல புத்தி இல்லை, ஒடிந்த எலும்பு. அது கூடிக்கொண்டு வருகிறது. கூடிய பிறகு நான் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியாது. உனக்கு ஒரு தொந்தரவு என்று கேள்விப்பட்டால், நீ கேட்காமலேயே நான் எழுந்து வந்துவிடுவேன். வழியில் எதையாவது எடுத்துக்கொண்டு வருவேன்.

பீப் சத்தத்துக்கு ராம்தான் காரணம். கரண்டை அணைத்துவிட்டு அதைக் கழற்று. தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்கும் விளிம்பைப் பள்ளிக்கூட அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஊதிவிட்டு, இரு பக்கமும் சொடுக்கென்று பூட்டும்வரை அழுத்து. சரியாகிவிடும். ஆகாவிட்டால் இந்த விலாசத்துக்கு எழுது. இங்கே ஒரு கடையில் பழுது பார்க்க உட்கார்ந்திருக்கிறேன்.

நீ இருக்கும் இடத்தை மட்டும் எழுதாதே. நான் கெஞ்சிக் கேட்டாலும் எழுதாதே.

முனீஸ்